இன்சுலின் ஊற்றாத தட்டு

காலை ஏழரைக்குப் பிரித்தேன்.
ஆறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு.
மேல் வரிசைக்கு இன்சுலின் உண்டு,
கீழ் வரிசைக்குக் கிடையாது.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

இப்போது இரவு பதினொன்று.
நாகமலை, ஜன்னலில் இருட்டைவிடக் கொஞ்சம் அதிக இருட்டு.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
கொழுப்புச் செல்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் எண்ணெய்த் துளிகள்,
மழை விட்ட பிறகு தகரக் கூரை ஓரத்தில்
விழாமல் தொங்குமே, அப்படி.

சேர்ந்த புதிதில், பட்டினியால்தான் சாகும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. சர்க்கரை இருக்கிறது, உப்பு இருக்கிறது,
சத்து எதிலும் குறை வைக்கவில்லை.
இல்லாதது ஒரு சொல்:
இரு.

சாவு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.
எழுதி, மடித்து, உள்ளேயே இருக்கிறது.
இன்சுலின் வாசல்வரைதான் வருகிறது. கதவைத் தொடுகிறது.
கதவுக்குப் பின்னால்
மாட்டுத்தாவணியில் லாரியிலிருந்து தர்பூசணி இறக்குவதுபோல்
கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி போகிறது.
கடைசிக் கை,
சுவரில் ஓட்டை போடக் கிளம்பிய புரதத்தின் முதுகில்
ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது.
அது எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.
அதைக் கொல்வதில்லை.
இன்றைக்கு வேண்டாம் என்கிறது, அவ்வளவுதான்.
நாளைக்கு மறுபடி சொல்லவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சொல்ல ஆளில்லை.
பெரியார் நிலையத்து எடை மெஷினில்
அப்பா ஒரு ரூபாய் போட்டார்.
சிவப்பு பல்புகள் சுற்றி நின்றன. அட்டை விழுந்தது.
முப்பத்தொரு கிலோ. பின்பக்கம்:
'உங்கள் பொறுமைக்குப் பலன் உண்டு.'
ஒன்பது கிலோ மூன்று மாதத்தில் எங்கே போனது என்று
செல்லூரில் ஒருவரும் கேட்கவில்லை.
பிள்ளை நெட்டையாகுது என்றார்கள்.
பாவாடைக்கு ஊக்கு மேல் ஊக்கு.
ராத்திரியெல்லாம் தண்ணீர், தண்ணீர்.
பெரியாஸ்பத்திரியில் கண் திறந்தபோது
ஃபிலோமினாள் என்று சட்டையில் குத்தியிருந்த நர்ஸ்
என் தொடையைக் கிள்ளிப் பார்த்து,
'குத்துறதுக்கு இடமே இல்லையேடி' என்றார்.

இப்போது இடம் இருக்கிறது. ஒரு இடம் கூடுதலாகவே.
பதினாறு வருடமாக அங்கேயே குத்திய சோம்பலுக்கு
வலது தொடையில் எலுமிச்சையளவு மேடு.
மாத்திக் குத்து, மாத்திக் குத்து என்று டாக்டர் திட்டுகிறார்.
அங்கே வலிக்காது. வேறு காரணம் இல்லை.
நாளுக்கு நாலு தடவை
இரு, இரு என்று கேட்டுக் கேட்டு
கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிட்ட கொழுப்பு.

ஆய்வுக்கூட ஃபிரிட்ஜில் இரண்டு இன்சுலின்.
ஒன்று செல்களுக்கு. மற்றொன்று, வைக்கக் கூடாதுதான்,
ரப்பர் பேண்டு சுற்றி, 'தொடாதே'
என்று எழுதி வைத்தது, எனக்கு.
மூடியைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே வாசனை,
பேண்டேஜ் வாசனை.

மைக்ராஸ்கோப்பில் கீழ் வரிசை.
உலை கொதி வந்ததுபோல் ஓரமெல்லாம் குமிழ்.
உட்கரு உடைந்து துண்டு துண்டாக.
பக்கத்து செல்லுக்கு ஒரு கீறல் இல்லை,
சிந்தல் இல்லை, சத்தம் இல்லை.
ஒவ்வொன்றாகத் தரையை விட்டுவிட்டு மிதக்கின்றன.
ஒரு சொட்டு போதும். கை நீட்டினால் எட்டும்.
எட்டவில்லை என்று எழுதமாட்டேன்.

வாட்ச்மேன் ஒச்சப்பன் எட்டிப் பார்க்கிறார்:
'டீ வாங்கப் போறேன். ஒனக்குச் சீனி இல்லாம.
பொரோட்டா ரெண்டா, மூணா?'
மூணு என்றேன்.
மூணுக்கு எத்தனை யூனிட் என்று விரல் தானாகத் திருகுகிறது.
இடது தொடையில் குத்தினேன்.
வலித்தது.

கீழ் வரிசை, இரண்டாம் குழி:
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
மூன்றாம் குழி இன்னும் எண்ணவில்லை.